வேலூரின் காலி இடங்களில் கீரை போட்டால் ஏழை வீட்டுக்குச் சத்து கிடைக்குமா?

(இணைய இழை ஒன்றில் நடந்த உரையாடல். ஒவ்வொருவரும் புனைபெயரில் எழுதுகிறார்கள்.)

பாலாற்றுக்கரை:
அரிசிக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. 2011 முதல் ரேஷனில் இலவச அரிசி வருகிறது. பருப்பும் பாமாயிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. பள்ளியில் சத்துணவு இருக்கிறது, 2022 முதல் காலை உணவும் சேர்ந்துகொண்டது. அப்படியும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை என்று வந்திருக்கிறது. எங்கள் மகளிர் குழுப் பெண்களின் வீடுகளுக்குப் போகிறவள் நான். அடுப்பில் சோறு, ரசம். தொட்டுக்கொள்ள ஊறுகாய். கூலி வந்த அன்று மட்டும் கத்திரிக்காய். காய் வாங்கும் காசுதான் முதலில் குறைகிறது.

பெரிய மனைப்பிரிவுகளில் பத்தில் ஒரு பங்கைப் பொது இடமாக ஒதுக்க வேண்டும் என்று விதி உண்டு. அப்படி ஒதுக்கிய இடங்கள் பல, சீமைக்கருவேலமும் குப்பையுமாகக் கிடக்கின்றன. அவற்றை மகளிர் சுயஉதவிக் குழுக்களிடம் கொடுத்து, கீரையும் காயும் போட விட வேண்டும் என்கிறேன். சோவியத் ஒன்றியம் 1991-இல் உடைந்து, உரமும் டீசலும் வருவது நின்றபோது கியூபாவின் ஹவானா நகரம் இதைத்தான் செய்தது. காலி மனைகளில் மேட்டுப்பாத்தி கட்டி, மட்கு உரம் நிரப்பி, நகரத்துக்கு வேண்டிய கீரையில் பெரும்பங்கை நகரத்துக்குள்ளேயே விளைவித்தார்கள். அறுபது வார்டுள்ள வேலூர் மாநகராட்சியால் முடியாதா?

கஸ்பா தொழிலாளி:
அக்கா, உங்கள் அக்கறையை மதிக்கிறேன். திட்டத்தை எதிர்க்கிறேன்.

எங்கள் தெருப் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். கை தேர்ந்தவர் மணிக்கு ஏறக்குறைய நூறு பீடி சுற்றுவார். தோட்டத்தில் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் அந்தக் கூலியில் குறையும். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, ஒரு கையால் இலையைப் பிடித்து, மறு கையால் தூளை நிரப்பி, நூல் கட்டிக்கொண்டே பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தருகிற பெண்ணிடம் போய் "களை எடுக்க வாருங்கள்" என்று நான் சொல்ல மாட்டேன். அவளுக்குக் கூலியை உயர்த்திக் கொடுங்கள், கீரையை அவளே வாங்கிக்கொள்வாள்.

அடுத்தது தண்ணீர். மே மாதத்தில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அந்த வெயிலில் ஒரு சதுர மீட்டர் பாத்தி நாளுக்கு ஆறேழு லிட்டர் கேட்கும். பத்தடிக்குப் பத்தடி பாத்தி என்றால் அறுபது லிட்டர், அதாவது நான்கு குடம். குழாயில் தண்ணீர் வரும் நாளில் குடிக்கப் பிடிப்பதற்கே வரிசை. இந்த நான்கு குடத்தை யார் இடுப்பில் ஏற்றப் போகிறீர்கள்? ஆண்கள் தூக்க மாட்டார்கள் என்பது உங்களுக்கும் தெரியும்.

ஹவானாவில் நிலம் அரசினுடையது. இங்கே நாம் முள்ளை வெட்டிச் சுத்தம் செய்து கொடுத்தால், மறுநாளே வேலி போட ஆள் வருவான்.

காட்பாடி மாடி:
நிலத்துக்கு ஏன் சண்டை? தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டத் தளை, அதாவது பொருள் தொகுப்பு, கொடுத்திருக்கிறது. தேங்காய் நார்க்கழிவுப் பை, காய்கறி விதை, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற நுண்ணுயிர் உரங்கள் எல்லாம் சேர்ந்து வரும். எங்கள் மாடியில் வெண்டையும் தக்காளியும் நன்றாகவே காய்க்கின்றன. நார்க்கழிவு ஈரத்தைப் பிடித்து வைக்கும், தண்ணீரும் குறைவாகத்தான் செலவாகும்.

கஸ்பா தொழிலாளி:
ஐயா, மாடி இருந்தால்தானே மாடித்தோட்டம். எங்கள் தெருவில் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். காங்கிரீட் கூரை உள்ள வீட்டிலும் குடியிருப்பவர் வாடகைக்காரர். துணி காயப்போடவே வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும்.

ராணிப்பேட்டை வேதியியல்:
நிலம், தண்ணீர், கூலி எல்லாம் பேசினீர்கள். மண்ணைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நான் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன், இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

இது தோல் பதனிடும் மாவட்டமாக இருந்து மூன்றாகப் பிரிந்த நிலம். வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைக் கழிவு எங்கெல்லாம் போனது என்பதற்கு வரைபடம் போட்டுத் தருவார் யாருமில்லை. தோல் பதனிட உதவும் குரோமியம் உப்பு மூன்றிணைதிற வகை, அது மண்ணில் அதிகம் நகராது. ராணிப்பேட்டையில் 1990-களில் மூடிய குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு மேட்டில் இருப்பது ஆறிணைதிற வகை. அது நீரில் கரையும், நிலத்தடி நீரில் இறங்கும், புற்றுநோய் தரும். கீரை வகைகள் மண்ணிலுள்ள கன உலோகங்களை இலையில் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையவை. சாக்கடை ஓரத்துப் பொன்னாங்கண்ணி பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும். அதை ஏழைப் பிள்ளையின் தட்டில் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

வேளாண் துறை கொடுக்கும் மண்வள அட்டையை நம்பி இறங்கிவிடாதீர்கள். அதில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கார அமில நிலை, துத்தநாகம், இரும்பு என்று பன்னிரண்டு இனங்கள் உண்டு. குரோமியமும் ஈயமும் அதில் இல்லை. அவற்றைத் தனியாக ஆய்வகத்தில் பார்க்க வேண்டும்.

1996-இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில், கேடு முழுதாக நிரூபணமாகும் வரை காத்திருக்காமல் முன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை நாட்டின் சட்டமாகவே ஏற்றது. அந்தத் தீர்ப்பைப் பெற்றுத்தந்த ஊரிலேயே மண்ணைச் சோதிக்காமல் விதை போடலாமா?

பாலாற்றுக்கரை:
ஆசிரியர் ஐயா, அதனால்தான் மேட்டுப்பாத்தி என்றேன். செங்கல் அடுக்கி, அடியில் கனமான பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணும் மட்கும் நிரப்பினால் வேர் கீழே போகாது. நீர் வடிய ஓரத்தில் வழிவிட்டால் போதும். நேதாஜி மார்க்கெட்டில் தினமும் முட்டைக்கோஸ் இலையும் வாழைச்சருகும் மலையாகச் சேர்கின்றன. மட்காக்கி வார்டுக்குக் கொடுக்கலாம்.

ராணிப்பேட்டை வேதியியல்:
மட்கு எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும், அம்மா. தரம் பிரிக்காத குப்பையில் செய்த மட்கை ஒரு கைப்பிடி அள்ளிப் பிரித்துப் பாருங்கள். ஷாம்பு பாக்கெட்டின் துணுக்கு, கண்ணாடிச் சில்லு, பேட்டரியின் துருப்பிடித்த மூடி எல்லாம் இருக்கும். மார்க்கெட் காய்கறிக் கழிவு மட்டும் தனியாக வந்தால் ஏற்கலாம். பாய்ச்சும் நீரையும் சோதிக்க வேண்டும். பாத்தி சுத்தமாக இருந்து போர் தண்ணீர் கெட்டிருந்தால் பயனில்லை.

அணைக்கட்டு உழவர்:
நகரத்தார் உழவு செய்வதைப் பற்றி உழவனிடம் யாரும் கேட்பதில்லை. நான் உழவர் சந்தைக்குக் கீரையும் முள்ளுக்கத்திரியும் கொண்டுவருகிறவன். இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் வரத்து பெருகும் நாளில் விலை படுத்துவிடும், விற்காத கீரைக்கட்டு மதியத்துக்குள் வாடி மாட்டுக்குப் போகும். உங்கள் தெருவில் கீரை இல்லை என்கிறீர்கள், பதினைந்து இருபது கிலோமீட்டரில் நாங்கள் கீரையை மாட்டுக்குப் போடுகிறோம். பாத்தி கட்டும் பணத்தில் எங்களிடம் காய் வாங்கி ரேஷன் அட்டைக்குக் கொடுங்கள். எங்களுக்கும் விலை நிற்கும், உங்கள் பெண்களும் குடம் தூக்க வேண்டாம்.

கஸ்பா தொழிலாளி:
இந்த இழையில் நான் முழு மனதோடு ஏற்கும் முதல் யோசனை இதுதான்.

பாலாற்றுக்கரை:
அண்ணா, உங்களுக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைக்க வேண்டும், அதில் இரண்டாம் பேச்சே இல்லை. ஆனால் உழவர் சந்தை விடியலில் கூடி நண்பகலுக்குள் கலைகிறது. அந்த நேரத்தில் எங்கள் பெண்கள் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். ரேஷனில் கீரை கொடுப்பதென்றால் அன்றன்றைக்குக் கொண்டுவர வேண்டும். அரிசி மூட்டை காத்திருக்கும், கீரை காத்திருக்காது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ முளைக்கீரை, 25 நாளில். கஸ்பா தம்பி சொன்ன அதே பத்தடிப் பாத்தியில் ஒன்பது கிலோ. நாளுக்கு 360 கிராம், நான்கு பேர் உள்ள வீட்டில் தலைக்கு 90 கிராம் அளவில் வரும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் காயும் பழமுமான 400 கிராமுக்கு இது ஈடாகாது. ஆனால் இன்று அந்தத் தட்டில் இருக்கும் பச்சை வெறும் கறிவேப்பிலை. பாத்தி முழுவதையும் ஒரே நாளில் விதைக்காமல் வாரம் ஒரு பகுதி விதைத்தால் அறுவடை தொடர்ந்து கிடைக்கும். சித்திரை, வைகாசியில் பாத்தியைப் பாதியாகக் குறைத்து, நிழல்வலை கட்டி, அரிசி, காய் கழுவிய நீரை ஊற்றலாம். ஓரத்தில் நாலு முருங்கைப் போத்து நட்டால், வேர் பிடித்தபின் அது நம் தயவை எதிர்பார்க்காது. அதையும் சோதித்த மண்ணில்தான் நடுவோம், ஆசிரியர் ஐயா.

காட்பாடி மாடி:
சாப்பிடும் முறையையும் சேர்த்துச் சொல்லுங்கள். கீரையிலுள்ள இரும்பு எளிதில் உடலில் சேராது. எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் கூடுதலாகச் சேரும், சாப்பாட்டோடு டீ குடித்தால் குறையும்.

கஸ்பா தொழிலாளி:
கணக்கு சரி, அக்கா. உழைப்புக்கு விலை போடவில்லை. கேரளத்தில் 2010 முதல் அய்யன்காளி பெயரில் நகர்ப்புற வேலை உறுதித் திட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டிலும் நகர்ப்புற வேலைவாய்ப்புக்கு அரசு திட்டம் தொடங்கியது. பாத்தியில் நிற்கும் பெண்ணுக்கு அப்படியொரு திட்டத்தில் நாட்கூலி கொடுங்கள், விளைந்ததை அங்கன்வாடிக்கும் சத்துணவுக் கூடத்துக்கும் விலைக்கு எடுங்கள். பசிக்கிறவளே தன் பசிக்கு இலவசமாக உழைத்து மருந்து தேட வேண்டும் என்றால் அரசு எதற்கு?

பாலாற்றுக்கரை:
கூலி கேட்பதில் எனக்கு மறுப்பில்லை. கூலி வரும் வரை கைகட்டி இருக்க வேண்டும் என்பதில்தான் மறுப்பு. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கப் போகிறோம். எங்கள் வார்டில் ஒரே ஒரு பொது இடம், எழுத்துப்பூர்வமாக ஐந்தாண்டு அனுமதி, ஒரு குழாய் இணைப்பு, மண்ணுக்கும் நீருக்கும் உலோகச் சோதனை. இவ்வளவுதான் கேட்கிறோம்.

ராணிப்பேட்டை வேதியியல்:
சோதனையை முதல் வரியில் எழுதுங்கள். "குரோமியம், ஈயம், காட்மியம்" என்று பெயர் சொல்லியே எழுதுங்கள். பொதுவாக "மண் பரிசோதனை" என்றால் மண்வள அட்டையைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பயிர் யோசனைக்கு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தைக் கேளுங்கள்.

அணைக்கட்டு உழவர்:
கீரையோடு நிறுத்திக்கொள்வதாக எழுதினால் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. தக்காளியும் கத்திரியும் போட்டு மிச்சத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தால் நானும் மனு எழுதுவேன்.

கஸ்பா தொழிலாளி:
நாட்கூலி என்ற சொல் மனுவில் இல்லாதவரை நான் கையெழுத்துப் போட மாட்டேன். சேர்த்துவிட்டுச் சொல்லுங்கள், எங்கள் தெருவிலிருந்து ஆட்களோடு வருகிறேன்.