மறு: கர்ப்பத் திகில், தாய்மைத் திகில், சூலச்சம் - எது பொருந்தும்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

கர்ப்பத்தையும் பிரசவத்தையும் சுற்றி அச்சமூட்டும் புனைவு வகைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு இந்த இழையில் நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன: கர்ப்பத் திகில், தாய்மைத் திகில், சூலச்சம், மகப்பேற்றுப் பயங்கரம். சொல்லுக்குப் போகும் முன் எதற்குப் பெயர் வைக்கிறோம் என்று கொஞ்சம் பேசியாக வேண்டும். வயிற்றில் பேய்க்குழந்தை வளரும் கதை எல்லாமே இந்த வகைதான் என்ற எண்ணத்தில் சில மடல்கள் எழுதப்பட்டிருக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

எல்லோரும் காட்டிய உதாரணம் ரோஸ்மேரிஸ் பேபி. ஐரா லெவின் 1967-இல் எழுதிய நாவல், அடுத்த ஆண்டே படமானது. சாத்தான் வருகிறான், அவனை வழிபடும் கூட்டமும் வருகிறது, உண்மை. ஆனால் படிக்கும்போது வயிற்றைக் கலக்குவது அவன் இல்லை. பேர்பெற்ற மகப்பேறு மருத்துவர் ஒருவர் கர்ப்பிணியான ரோஸ்மேரியிடம் புத்தகம் படிக்காதே, தோழிகள் பேச்சைக் கேட்காதே என்கிறார். மாதக்கணக்கில் வலி தாங்காமல் தவிக்கிறாள், போய்விடும் என்கிறார். பக்கத்து வீட்டு அம்மாள் தினமும் ஏதோ பானம் கலக்கிக் கொடுக்கிறாள், கணவனும் அதற்கு உடந்தை. கடைசியில் அவள் வேறொரு மருத்துவரிடம் தப்பி ஓடி எல்லாவற்றையும் கொட்டுகிறாள், அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, கொஞ்சம் படுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு, அவள் கணவனையும் அந்தப் பழைய மருத்துவரையும் வரவழைத்து அவர்கள் கையிலேயே அவளை ஒப்படைத்துவிடுகிறார். என்னைக் கேட்டால் கதையின் உச்சம் அதுதான். இந்த இரண்டாவது மருத்துவர் எந்தச் சாத்தான் கூட்டத்தையும் சேர்ந்தவர் இல்லை. கர்ப்பிணி ஏதோ பயந்து உளறுகிறாள் என்று மனதார நம்பியவர், அவ்வளவுதான்.

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது: ‘அணங்கே விலங்கே கள்வர்தம் இறைஎனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே.’ பேய்க்கதை என்றால் நாம் உடனே அணங்கைத்தான் நினைக்கிறோம். இந்தக் கதைகளில் அச்சம் பிறப்பது நான்காவது இடத்தில், இறையிடத்தில். நம்மேல் அதிகாரம் உள்ளவனிடம் நமக்கு வரும் பயம் அது. அங்கே அரசன், இங்கே மருத்துவரும் கணவனும். என்னைப் பொறுத்தவரை இந்த வகையின் இலக்கணமே இதுதான். பேய் இருக்கலாம், இல்லாமலும் போகலாம், ஆனால் ஒரு பெண்ணின் உடம்பில் நடப்பதை அவள் சொல்லும்போது நம்பாத அதிகாரம் ஒன்று கதையில் கட்டாயம் இருக்க வேண்டும்.

பேயே இல்லாத உதாரணம் வேண்டுமென்றால் அமெரிக்க எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் 1892-இல் வெளியிட்ட மஞ்சள் சுவர்க்காகிதக் கதை. குழந்தை பெற்றுச் சில காலமே ஆன பெண், மருத்துவரான கணவன், சன்னலில் கம்பி போட்ட மாடி அறை. எழுதக்கூடாது, யோசிக்கக்கூடாது, ஓய்வெடு, அதுதான் வைத்தியம். சுவரில் ஒட்டிய காகிதத்தின் கோலத்துக்குப் பின்னால் ஒரு பெண் தவழ்வது அவளுக்குத் தெரிய ஆரம்பிக்கிறது. இது கற்பனையில் மட்டும் பிறந்ததும் இல்லை. 1885-இல் மகள் பிறந்த பிறகு கடும் மனச்சோர்வில் விழுந்த கில்மனுக்கு, 1887-இல் சைலஸ் வியர் மிட்செல் என்ற பிலடெல்பியா மருத்துவர் இந்த ஓய்வுச் சிகிச்சையைத்தான் கொடுத்தார். அறிவு சார்ந்த வேலை நாளைக்கு இரண்டு மணி நேரம் போதும், பேனாவையும் தூரிகையையும் வாழ்நாள் முழுக்கத் தொடாதே என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார். அவர் பெயரையே கதைக்குள் வைத்துவிட்டார் கில்மன்.

சரி, இப்போது சொற்கள்.

> தாய்மைத் திகில் கேட்டதும் புரியும், உணர்வோடும் இருக்கிறது.

வேண்டாம் என்பேன். தாய்மை என்ற சொல்லின் மேல் நாம் ஏற்கெனவே மாலை போட்டு வைத்திருக்கிறோம். இந்தக் கதைகளில் வரும் பெண்கள் பலர் இன்னும் தாயாகவில்லை, சிலர் ஆக விரும்பவுமில்லை. கர்ப்பத் திகில் எளிமையான சொல், ஆனால் பிரசவத்துக்குப் பிந்திய கில்மன் கதை அதற்கு வெளியே போய்விடும். சூலச்சம் அழகான சொல்தான், எனக்கும் ஆசையாகவே இருந்தது. ஆனால் முதல் பார்வையில் சூலாயுதம் நினைவுக்கு வருகிறது, அதோடு அச்சம் என்று முடிந்தால் ஒரு மனநிலையின் பெயராகத்தான் ஒலிக்கும். பிரசவத்தை நினைத்தாலே நடுங்கும் நிலையை மருத்துவத்தில் டோகோஃபோபியா என்கிறார்கள், அதற்குப் பேற்றச்சம் என்ற சொல்லை விட்டுவைக்கலாம். பயங்கரம் இப்போது பயங்கரவாதத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

என் பரிந்துரை பேறுகாலத் திகில். பொண்ணு பேறுகாலத்துக்கு வந்திருக்கா என்று சொல்லும்போது, தாய்வீட்டுக்கு வந்ததிலிருந்து பிள்ளை பெற்று உடம்பு தேறும் வரை எல்லாமே அதில் அடங்கிவிடுகிறது. கர்ப்பம், பிரசவம், அதற்குப் பிந்திய காலம் என்ற மூன்று கட்டத்துக்கும் ஒரே சொல் கிடைக்கிறது, புதிதாக எதையும் ஒட்டவைக்க வேண்டியதில்லை.

> எழுதியவர் ஆண், இயக்கியவரும் ஆண். இதைப் பெண்ணியம் என்று எப்படிச் சொல்வது?

ரோஸ்மேரிஸ் பேபியை வைத்துக் கேட்ட நியாயமான கேள்வி. அதனால்தான் பெண்ணிய என்ற அடைமொழியை வகைப்பெயருக்குள் வைக்க வேண்டாம் என்கிறேன். பெண்ணியப் பேறுகாலத் திகில் என்று தேவைப்படும் இடத்தில் சேர்த்துக்கொள்ளலாம். லெவின் நாவலுக்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே, 1958-இல், லேடீஸ் ஹோம் ஜர்னல் இதழில் அமெரிக்கப் பெண்கள் பிரசவ அறையில் கையையும் காலையும் கட்டிப்போட்டு மணிக்கணக்கில் விட்டுவிட்டதாகக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அப்புறம் அயர்லாந்தில் 1940களிலிருந்து 1980கள் வரை பல பெண்களுக்குச் சம்மதம் கேட்காமலே இடுப்பெலும்பு இணைப்பை அறுத்துப் பிரசவம் பார்த்தார்கள், அவர்களில் பலருக்கு ஆயுள் முழுக்க நடப்பதே பாடாகிவிட்டது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு படித்தால் ஆண் எழுதிய கதையையும் பெண்ணிய நோக்கில் படிக்க முடியும், படிக்கவும் வேண்டும்.

ஆனால் நிஜத்தில் நடந்த இவற்றைத் திகில் என்ற சொல்லுக்குள் கொண்டுவரக் கூடாது. அதற்குத் தனிச்சொல் தேவை. வெனிசுவேலா 2007-இலேயே தன் சட்டத்தில் அதற்குப் பெயரிட்டு வரையறுத்துவிட்டது. தமிழில் மகப்பேற்று வன்முறை என்று வைத்துக்கொள்ளலாம். கதைக்கு ஒரு சொல், குற்றத்துக்கு ஒரு சொல். இரண்டையும் கலந்தால் பாதிக்கப்பட்டவர் சொல்வதும் கதையாகிவிடும்.

> இது மேலைநாட்டுச் சரக்கு, ஒலிபெயர்த்தாலே போதும்.

வகை அங்கே உருவானது, மறுக்கவில்லை. ஆனால் பிள்ளை பெறாமலே இறந்த சூலிக்காகச் சுமைதாங்கிக் கல் நட்ட ஊர்களில் இந்தப் பயத்துக்குச் சொல் இல்லை என்று ஒலிபெயர்க்க எனக்கு மனம் வரவில்லை.

பதிவுக்கு நான் எழுதும் வரையறை: பேறுகாலத் திகில் - கருவுறுதல், பிரசவம், அதற்குப் பிந்திய காலம் ஆகியவற்றில் பெண் தன் உடல்மேல் உள்ள உரிமையை இழப்பதையும், அவள் சொல் நம்பப்படாமல் போவதையும் அச்சத்தின் ஊற்றாகக் கொண்ட புனைவு.

கர்ப்பம் சம்பந்தப்படாத, சிகிச்சையே கொடுமையாகிவிடும் கதைகளையும் சேர்த்துக் குறிக்கும் பரந்த வகைக்குப் பண்டுவத் திகில் என்று யோசித்திருக்கிறேன். மருத்துவத் திகில் என்றால் கொலைகார டாக்டர் கதை என்று நினைத்துவிடுவார்கள், பண்டுவம் என்றால் நோயாளிக்குச் செய்யப்படுவது என்ற பொருள் நிற்கிறது. இளையவர்களுக்கு இந்தச் சொல் புரியுமா, இல்லை சிகிச்சைத் திகில் என்றே விட்டுவிடலாமா? இதில்தான் எனக்கு முடிவு எட்டவில்லை, உங்கள் ஊர்ப்பக்கம் பண்டுவம் பார்ப்பது என்று இன்னும் சொல்கிறார்களா என்று எழுதுங்கள்.

அன்புடன்