மணியாச்சியில் கனெக்‌ஷன் வண்டிக்குக் காத்திருந்த ஒரு காலை

தூத்துக்குடிக்காரர்களுக்கு மணியாச்சி என்றாலே காத்திருப்புதான். குருவாயூர் எக்ஸ்பிரஸ் திருநெல்வேலி பக்கமிருந்து வந்து எங்கள் இணைப்புப் பெட்டிகளை மாட்டிக்கொள்ளும் வரை அங்கேயே கிடப்போம். சுற்றிலும் கரிசல் காடும் உடைமரங்களும்தான்.

ஐந்தாவது படிக்கும்போது தாத்தாவோடு மதுரைக்குப் போனேன். வெயில் ஏறி ஜன்னல் கம்பி கையைச் சுட்டது. "ஏன் தாத்தா இன்னும் எடுக்கல?" என்று நச்சரித்தேன். அவர் என்னை பிளாட்பாரத்தில் இறக்கி, மஞ்சள் பலகையை எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொன்னார். வாஞ்சி மணியாச்சி.

"ஏட்டி, வாஞ்சின்னா யாருன்னு தெரியுமா?"

1911 ஜூன் 17-ஆம் தேதி நடந்ததை அங்கே நின்றபடியே சொன்னார். காலை பத்தரை மணி வாக்கில் கலெக்டர் ஆஷும் மனைவி மேரியும் முதல் வகுப்புப் பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். செங்கோட்டை வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறி ஆஷைச் சுட்டார். பிளாட்பாரத்தில் ஓடி, கழிவறைக்குள் புகுந்து தன்னையும் சுட்டுக்கொண்டார். வயது 25 தான்.

எனக்கு ஒரே சந்தேகம்: "அவ்ளோ பெரிய துரை எதுக்கு தாத்தா இங்க வந்து உக்காந்திருந்தாரு?"

"நம்மள மாதிரிதான். கனெக்‌ஷன் வண்டிக்கு."

அந்தப் பதில் இன்றைக்கும் காதில் இருக்கிறது. பெரியவளான பிறகு தேடிப் படித்தேன். 1876-இல் தென்னிந்திய ரயில்வே தூத்துக்குடிக்குப் பாதை போட்டபோது திருநெல்வேலிக்கு இங்கேதான் கிளை பிரிந்தது. பொட்டல்காட்டில் ஒரு ஜங்ஷன் முளைத்த காரணம் அதுதான். ஆஷ் எதிர்பார்த்திருந்தது தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலை. கொழும்புக் கப்பலில் வந்து இறங்குகிறவர்களுக்கான வண்டி அது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் கப்பல் போக்குவரத்து தனுஷ்கோடிக்கு மாறியது, போட் மெயிலும் அந்தப் பக்கம் போய்விட்டது.

வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஒடுக்கியதில் ஆஷுக்கும் பங்கு உண்டு. 1908-இல் வ.உ.சி.யைச் சிறையில் தள்ளிய கோபம் எங்கள் ஜில்லாவில் ஆறவே இல்லை. அதெல்லாம் சரி. ஆனால் ஆஷ் தம்பதி போய்க்கொண்டிருந்தது கொடைக்கானலில் இருந்த நான்கு பிள்ளைகளைப் பார்க்க என்று படித்த அன்றைக்கு மனசு கனத்துப்போனது. திருநெல்வேலிக்குத் திருப்பிக் கொண்டுபோகும் வழியில், கங்கைகொண்டானிலேயே ஆஷின் உயிர் போய்விட்டது. செங்கோட்டையில் வாஞ்சியின் மனைவி பொன்னம்மாள். அந்த ஸ்டேஷனை நினைத்தால் இரண்டு பெண்களும் சேர்ந்தேதான் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

தாத்தா இப்போது இல்லை. இணைப்புப் பெட்டிகளையும் நிறுத்திவிட்டார்கள். முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போகும்போது விடியற்காலையில் மணியாச்சி வரும். எவ்வளவு தூக்கமாக இருந்தாலும் எழுந்து, வண்டி நிற்கும் அந்தக் கொஞ்ச நேரம் இறங்கி நிற்பேன்.