வளரும் நாடுகளின் வெளியுறவை யதார்த்தவாதம் விளக்குமா?

கேள்வி (முதுகலை மாணவி, காரைக்குடி):
வல்லரசுகளை மையமாக வைத்து கென்னத் வால்ட்ஸ் 1979இல் முன்வைத்த யதார்த்தவாதக் கோட்பாட்டை (நாடுகள் தம் பாதுகாப்புக்காக, பிற நாடுகளின் வலிமையைப் பார்த்தே நடந்துகொள்கின்றன என்பது) கொண்டு, நம் செட்டிநாட்டுக் குடும்பங்கள் நிலங்களை இழந்த பர்மாவின் (இன்றைய மியான்மரின்) வெளியுறவுக் கொள்கையை விளக்க முடியுமா, ஐயா?

பதில் (ஓய்வுபெற்ற பேராசிரியர், தேவகோட்டை):
ஓரளவுதான், அம்மா. சீனாவை ஒட்டிய சிறிய நாடு நடுநிலை வகித்ததை அது விளக்கும். ஆனால் 1948இல் விடுதலை பெற்ற உடனேயே கம்யூனிஸ்டுகளின் கிளர்ச்சியையும், அடுத்துச் சிறுபான்மை இனத்தவரான கரேன் மக்களின் கிளர்ச்சியையும் சந்தித்த அரசுக்கு உள்நாட்டு அச்சமே பெரிதாக இருந்ததால், ஆட்சியாளர்கள் தம் பதவியைக் காக்கவும் அணி சேர்கிறார்கள் என்று அரசியல் அறிஞர் ஸ்டீவன் டேவிட் 1991இல் முன்வைத்த வாதமே இதற்குக் கூடுதலாகப் பொருந்துகிறது என்பது என் உறுதியான கருத்து.

பதில் (கானாடுகாத்தான் வாசகர்):
1930களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறத்தாழ கால் பங்கு செட்டியார்களிடம் இருந்தது. அந்நிலங்களை அரசு எடுத்துக்கொள்ள வழிசெய்த நிலச் சட்டத்தையும் 1963இல் வங்கிகள் நாட்டுடைமையானதையும் புரிந்துகொள்ள, ஏழை நாடுகள் பணக்கார நாடுகளைச் சார்ந்து பின்தங்குவதைக் காலனியப் பொருளாதாரத்தின் வழியே ஆராயும் சார்புக் கோட்பாடும் வேண்டும்.