பழைய கமிட் மெசேஜ் ஒன்று உங்களுக்குக் கைகொடுத்தது உண்டா?

வைகைக்கரை:

திறந்த மூலத் திட்டங்களில் வேலை பார்க்கிற நண்பர்களிடம் கேட்கிறேன். யாரோ எப்போதோ எழுதிவைத்த கமிட் மெசேஜ் (நிரலில், அதாவது கோடில், ஒரு மாற்றத்தைப் பதியும்போது கூடவே எழுதும் குறிப்பு) உங்களைக் காப்பாற்றியிருந்தால், அல்லது அது இல்லாமல் நீங்கள் திண்டாடியிருந்தால், இங்கே எழுதுங்கள். முதலில் என் அனுபவம்.

பைத்தானில் எழுதிய ஒரு தமிழ்ச் சொற்பிழை திருத்திக்குப் பங்களித்து வருகிறேன். சொல்லை அகராதியில் தேடுவதற்கு முன்னால் அதை யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு (ஒரே எழுத்து பல விதமாகப் பதிவாகாமல் ஒரே சீராக்கும் வடிவம்) மாற்றுகிற வரி ஒன்று அதில் உண்டு. புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், வேகம் கூடும் என்று அந்த வரியை எடுத்துவிட்டு ஒரு புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கும்படி கேட்கும் கோரிக்கை) அனுப்பினார். டெஸ்ட் எல்லாம் பாஸ். கோடைப் பார்த்தாலும் அந்த வரி எதற்கு என்று யாருக்கும் பிடிபடவில்லை. எங்களில் ஒருவர், எந்த வரி எந்தக் கமிட்டில் வந்தது என்று காட்டும் கிட் பிளேம் கட்டளையை ஓட்டி, அந்த வரி வந்த கமிட்டைத் திறந்தார். அதில் இருந்ததன் சாரம் இது:

“‘கொடி’ அகராதியில் இருக்கிறது, ஆனாலும் பிழை என்று அடிக்கோடு விழுகிறது. சில பிடிஎஃப் கோப்புகளிலிருந்து ஒட்டும்போது ‘கொ’வின் உயிர்க்குறி ஒரே குறியீடாக வராமல், ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாக வருகிறது. திரையில் வித்தியாசமே தெரியாது, ஒப்பிட்டால் பொருந்தாது. ‘கோ’, ‘கௌ’ வரிசைக்கும் இதே கதை. அகராதியில் இரண்டு வடிவங்களையும் சேர்த்துப் பார்த்தோம். கோப்பு பெருத்தது, புதுச் சொல் சேர்ப்பவர்கள் ஒன்றை விட்டுவிட்டார்கள். அதனால் உள்ளே வரும்போதே மாற்றிவிடுகிறோம்.”

டெஸ்ட் ஏன் பாஸ் ஆனது என்பதும் அப்போதுதான் விளங்கியது. டெஸ்டில் இருந்த சொற்கள் எல்லாமே விசைப்பலகையில் நேராகத் தட்டியவை. பிரிந்த உயிர்க்குறி அதில் ஒன்றுகூட இல்லை. தம்பியே இரண்டு வடிவங்களுக்கும் டெஸ்ட் எழுதிக் கொடுத்துவிட்டு, வரியை எடுக்கும் யோசனையைக் கைவிட்டார்.

அந்த மெசேஜில் எனக்கு மிகவும் பிடித்தது, பயனர் கண்ணால் பார்க்கும் தொல்லையை அவருடைய சொல்லிலேயே எழுதியிருந்தது. நாளைக்கு யாராவது ‘கொடி’ என்றோ ‘அடிக்கோடு’ என்றோ கிட் லாகில் (கமிட்களின் வரலாற்றில்) தேடினால் சிக்கும். ‘யூனிகோட் நார்மலைசேஷன் சேர்க்கப்பட்டது’ என்று மட்டும் இருந்தால், காரணம் ஏற்கெனவே தெரிந்தவர்தான் அதைக் கண்டுபிடிப்பார். முயன்று கைவிட்ட வழியை எழுதியதும் அருமை. இல்லாவிட்டால் அகராதியில் இரண்டு வடிவங்களையும் போடலாமே என்று யாராவது ஒருவர் வருடாவருடம் கிளம்புவார்.

கர்னல்வாசி:

லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்கு முதல் பேட்ச் (கோடில் செய்யும் திருத்தம்) அனுப்பும் மாணவர்களுக்கு உதவி செய்து வருகிறேன். ஒரு மாணவியின் பேட்ச்: சாதனத்தை இயக்கும் நிரலான டிரைவர் தொடங்கும்போது பாதியில் பிழை வந்தால், முன்னால் வாங்கிய மெமரி திருப்பித் தரப்படவில்லை. ஒரே வரியில் தீர்வு. மெசேஜிலும் ஒரே வரிதான், மெமரி லீக் சரிசெய்யப்பட்டது என்று. அந்தப் பகுதிக்குப் பொறுப்பான மெயின்டெயினர் கோடைக் குறை சொல்லவில்லை. எந்தச் சூழலில் லீக் ஆகிறது, பயனருக்கு அதனால் என்ன ஆகும், எந்தக் கமிட்டிலிருந்து இந்தக் கோளாறு என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்.

மாணவிக்கு வருத்தம். சரியான கோடை எதற்குத் திருப்புகிறார்கள் என்று கேட்டார். சரி, பதில் தேடுவோம் என்று உட்கார்ந்தோம். கர்னலில் ‘ஃபிக்ஸஸ்’ என்று ஒரு வரி எழுத வேண்டும்: பிழையைக் கொண்டுவந்த கமிட்டின் ஹாஷில் (அடையாளக் குறியில்) முதல் 12 எழுத்துகள், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அதன் தலைப்பு. பிழைதிருத்தங்கள் மட்டும் பெறும் பழைய ஸ்டேபிள் பதிப்புகளில் எதற்கெல்லாம் இந்தத் திருத்தம் தேவை என்று பார்ப்பவர்கள் இந்த வரியைத்தான் பிடித்துக்கொண்டு போவார்கள். அதை எழுதுவதற்காகப் பழைய கமிட்டைத் தேடிப் பிடித்தபோது, அதே கமிட் பக்கத்து டிரைவரிலும் அதே மாற்றத்தைச் செய்திருப்பது தெரிந்தது. அங்கேயும் அதே லீக். ஒரு பேட்ச் இரண்டு பேட்ச் ஆனது. மெசேஜுக்காக உட்காராமல் இருந்திருந்தால் இரண்டாவதை நாங்கள் தேடியே இருக்க மாட்டோம்.

இப்போது எல்லா மாணவர்களிடமும் மெசேஜை முதலில் எழுதச் சொல்கிறேன், பேட்ச் அப்புறம்.

டெபியன்பித்தன்:

வைகைக்கரை சொன்னதைப் படித்ததும் எனக்கு, டெபியன் என்ற லினக்ஸ் வகையில் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருள் பலவீனமாகிப்போன விவகாரம்தான் நினைவுக்கு வந்தது. 2008 மே மாதம் அந்த அறிவிப்பு வந்தபோது நான் சர்வர் பார்த்துக்கொண்டிருந்தேன். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவிகளை எல்லாம் திரும்ப உருவாக்க வேண்டியிருந்தது.

நடந்தது என்னவென்றால், ஓபன்எஸ்எஸ்எல்லில் தற்செயல் எண் தரும் கோப்பில் ஒரே மாதிரியான வரி இரண்டு இடத்தில் இருந்தது. ஓரிடத்தில், தொடக்க மதிப்பு தராத நினைவகத்தையும் கலவையில் சேர்ப்பது அதன் வேலை. போனால் பெரிய நஷ்டம் இல்லை. மற்ற இடத்தில், வெளியிலிருந்து வரும் தற்செயல் தரவை உள்ளே கலப்பதே அந்த வரிதான். முதல் வரியின் பக்கத்தில் இருந்த குறிப்பு ‘பியூரிஃபை குறை சொல்கிறது’ என்பதுபோல இரண்டே சொல். பியூரிஃபை என்பது நினைவகப் பிழை காட்டும் கருவி. இரண்டாவது வரியின் பக்கத்தில் அதுகூட இல்லை. அதேபோன்ற இன்னொரு கருவியான வால்கிரைண்ட் எச்சரிக்கை காட்டியதால் டெபியனில் 2006-ல் இரண்டு வரிகளையும் நிறுத்திவிட்டார்கள். செய்தவர் அதற்கு முன்னால் ஓபன்எஸ்எஸ்எல் அஞ்சல் குழுவில் கேட்கவும் செய்தார். அதனால் அவரை மட்டும் நோக்கிக் கைநீட்ட எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் தற்செயலுக்கு மிச்சம் இருந்தது பெரும்பாலும் ப்ராசஸ் எண் (ஓடும் நிரல் ஒவ்வொன்றுக்கும் கணினி தரும் எண்) மட்டும்தான். அது அதிகபட்சம் 32,768. ஒரு வகைக் கணினியில் ஒரு நீளத்துக்கு அவ்வளவு சாவிகள்தான் உருவாக முடியும். எல்லாவற்றையும் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்ளலாம். கிட்டத்தட்ட இரண்டு வருடம் டெபியன் இந்த நிலையில் இருந்தது. அதிலிருந்து உருவான உபுண்டுவும் பாதிக்கப்பட்டது.

கருவி குறை சொல்கிறது என்று எழுதியவர், அந்த வரி எதற்காக இருக்கிறது என்பதையும், பார்க்க அதே மாதிரி இருக்கும் மற்ற வரியைத் தொடக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதியிருந்தால் நிறுத்தியவரின் கை தயங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

மலைக்கோட்டை:

எல்லாம் சரி, ஆனால் நன்றாக எழுதிய மெசேஜ் என்பதால் நம்பிவிடவும் கூடாது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளில் திருட்டுத்தனமாக வைத்த பின்வாசல் வெளிப்பட்டதே, அதில் மாற்றிய டெஸ்ட் கோப்புகளுக்கு அழகான விளக்கம் இருந்தது: பழைய கோப்புகள் என் கணினியில் தற்செயலாக உருவாக்கியவை, இனிமேல் யாரும் திரும்ப உருவாக்க வசதியாக மாறாத தொடக்க எண் கொடுத்திருக்கிறேன் என்று. படித்தால் பொறுப்பான ஆள் என்றே தோன்றும். உண்மையில் பின்வாசல் ஒளிந்திருந்ததே அந்தக் கோப்புகளில்தான். எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற நிரலாளர் துருவியிராவிட்டால் அது இன்னும் எவ்வளவு தூரம் போயிருக்குமோ. எப்படி உருவாக்கினேன் என்று சொல்பவர் அந்த ஸ்கிரிப்டையும் சேர்த்துத் தர வேண்டும். அது இல்லாத பைனரி கோப்பை (படித்துப் பார்க்க முடியாத கோப்பு) நான் இப்போது மெர்ஜ் செய்வதில்லை, அதாவது திட்டத்தில் சேர்ப்பதில்லை.

வைகைக்கரை:

மலைக்கோட்டை அண்ணே, நீங்கள் சொல்வது சரி. ஸ்கிரிப்ட் விஷயத்தை எங்கள் பங்களிப்பு விதிகளில் சேர்க்கச் சொல்கிறேன்.

இன்னொன்றும் உங்கள் எல்லோரிடமும் கேட்க நினைத்தேன். ஸ்குவாஷ் மெர்ஜ் செய்யும் திட்டங்களில் பத்து கமிட் ஒன்றாகும்போது, பாடுபட்டு எழுதிய காரணம் பறந்துவிடுகிறது. பேச்சு எல்லாம் கோடைப் பகிரும் தளமான கிட்ஹப்பின் பக்கத்தில் இருக்கும். கோடைத் தன் கணினிக்குக் குளோன் (நகல்) செய்தவர் கையில் ஒன்றும் இருக்காது. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் கமிட்களில் ‘டிஸ்கஷன்’ என்று அஞ்சல் குழு உரையாடலின் சுட்டியைச் சேர்க்கும் வழக்கம் உண்டு, மெசேஜிலும் காரணத்தை விளக்கமாக எழுதுகிறார்கள். எங்கள் திட்டத்தில் மெர்ஜ் பொத்தானை அழுத்துகிறவரே அந்தப் பெட்டியில் காரணத்தைத் திருத்தி எழுத வேண்டும் என்று வைத்திருக்கிறோம். அவசரத்தில் பலரும் செய்வதில்லை. உங்கள் திட்டங்களில் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கர்னல்வாசி:

எங்கள் பக்கம் ஸ்குவாஷே கிடையாது, பேட்ச் ஒவ்வொன்றும் தனித்தனியாகத்தான் உள்ளே போகும். கல்லூரித் திட்டங்களில் மட்டும், புல் ரிக்வெஸ்ட் விளக்கம் அப்படியே கமிட் மெசேஜாக விழும்படி கிட்ஹப்பின் அமைப்பில் மாற்றிவைத்திருக்கிறோம். விளக்கம் காலியாக இருந்தால் ரிவ்யூ தொடங்குவதில்லை.