0டபிள்யூ-20 இன்ஜின் ஆயில் போட வேண்டிய காரில் 15டபிள்யூ-40 ஊற்றிவிட்டார்கள்: காலையில் கடகட சத்தம், உதவி வேண்டும்

கேள்வி:
டர்போ பெட்ரோல் கார். மேனுவலில் 0டபிள்யூ-20 என்று மட்டும்தான் இருக்கிறது. போன சர்வீஸில் மெக்கானிக், "இது தண்ணி மாதிரி இருக்கும், இன்ஜின் தேய்ஞ்சுடும்" என்று சொல்லி 15டபிள்யூ-40 ஊற்றிவிட்டார். அதிலிருந்து, ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்தால் இரண்டு மூன்று விநாடி கடகடவென்று சத்தம். பிறகு நின்றுவிடுகிறது. மைலேஜும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது என்கிறார்களே, அப்படியே விட்டுவிடலாமா?

பதில்:
பயப்படாதீர்கள் நண்பரே. என் பழைய காரில் பல வருஷமாக 20டபிள்யூ-50 தான். இன்ஜின் கல்லு மாதிரி இருக்கிறது.

இன்னொரு பதில்:
மேலே சொன்னவரின் காருக்கு அது சரி. அந்தக் கால இன்ஜினில் பேரிங் இடைவெளி, ஆயில் பம்ப் எல்லாம் அதற்கேற்ப அமைந்தவை. உங்களுடையது வேறு. ஆயில் அழுத்தத்தை வைத்துத்தான் வால்வ் டைமிங் (வால்வுகள் திறந்து மூடும் நேரம்) மாறுகிறது, அந்த வால்வுகளை ஓட்டும் டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரும் அதே அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. ஆயில் மேலே போய்ச் சேரத் தாமதமானால் அந்தச் சில விநாடி செயின் தளர்ந்து அடிக்கும். நீங்கள் கேட்பது அந்தச் சத்தமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வெயில் விஷயம்: வெளியே எவ்வளவு சுட்டாலும் தெர்மோஸ்டாட், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டைச் சுமார் 90 டிகிரியில் பிடித்து வைக்கிறது. அதனால் சாதாரண ஓட்டத்தில் ஆயில் சூடு வெயிலோடு பெரிதாக ஏறி இறங்காது. டபிள்யூவுக்குப் பின்னால் வரும் எண் 100 டிகிரியில் அளந்த கெட்டித்தன்மை: 20 என்றால் 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அலகு) வரை, 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை. இன்ஜின் எதிர்பார்ப்பதைவிட ஒன்றரை மடங்கு கெட்டி. பம்ப் அதைத் தள்ளவும், பேரிங்கும் பிஸ்டனும் அதனூடே நகரவும் கூடுதலாகச் செலவாகும் சக்திதான் மைலேஜில் தெரிகிறது. டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிர்ந்த நிலைக்கு. பனியே இல்லாத இடத்திலும், 40 டிகிரியில் இந்த இரண்டு ஆயிலுக்கும் வித்தியாசம் இரண்டு மடங்குக்கு மேல் வரும்.

எண்ணைவிட எனக்குக் கவலை தருவது டப்பாவின் பின்புறம் போட்டிருக்கும் தரக் குறியீடு. டர்போ நேரடி இன்ஜெக்ஷன் (பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும்) இன்ஜின்களில் குறைந்த வேகத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்திக் கொடுக்கும்போது எரிபொருள் முன்கூட்டியே பற்றிக்கொள்ளும் சிக்கல் உண்டு, பிஸ்டனையே உடைக்கும். அதைத் தடுக்கத்தான் 2018-இல் ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலிய நிறுவனம்) எஸ்என் பிளஸ், 2020-இல் எஸ்பி என்ற ஆயில் தரங்கள் வந்தன. 15டபிள்யூ-40 பெரும்பாலும் டீசலுக்காகச் செய்யப்படுவது, கால்சியம் அதிகம் இருக்கலாம். கால்சியம்தான் இந்தச் சிக்கலைக் கூட்டுகிறது.

ஆகவே அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்க வேண்டாம். ஆயிலை இறக்கிவிட்டு, மேனுவலில் சொன்ன தரம், சொன்ன கிரேடு இரண்டும் பொருந்துவதை ஊற்றுங்கள். ஃபில்டரையும் மாற்றுங்கள். ஃபில்டருக்குள் ஆயில் திரும்ப வழியாமல் தடுக்கும் ஒரு ரப்பர் வால்வ் இருக்கிறது. அது கெட்டிருந்தாலும் இதே சத்தம்தான் வரும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. மாற்றிய பிறகும் சத்தம் இருந்தால்?

பதில்:
அப்போது செயின், டென்ஷனர் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். சத்தத்தை அடக்க இன்னும் கெட்டியான ஆயிலுக்குப் போகாதீர்கள், தேய்மானம் உள்ளே நடந்துகொண்டே இருக்கும்.

வேறொருவர்:
இடையில் ஆயில் குறைந்து, அதே கிரேடு கிடைக்காவிட்டால் 5டபிள்யூ-30 சேர்க்கலாமா?

பதில்:
குறைவாக ஓட்டுவதைவிட அது எவ்வளவோ மேல். அதே தரத்தில் உள்ளதாகப் பார்த்து, சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சில நிமிஷம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். மேல் கோட்டைத் தாண்டக் கூடாது.