தண்ணீர் எதில் அதிகம்? உங்கள் குழந்தை என்ன சொன்னது?

மகளின் அம்மா:
அந்த டம்ளர் சோதனைதான், உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். அப்போது அவளுக்கு ஐந்து வயது. ஒரே மாதிரி இரண்டு டம்ளர், சம அளவு தண்ணீர், ஒன்றை மட்டும் ஒல்லியான உயரமான டம்ளருக்கு மாற்றினேன். "இதுலதான் நிறைய" என்றாள். பாத்திரம் மாறினாலும் அளவு மாறாது என்பது ஏழு வயது வாக்கில்தான் பிடிபடும் என்று குழந்தை மனதை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே சொன்னது தெரிந்தும் நான் விடவில்லை, திரும்பத் திரும்ப ஊற்றிக் காட்டினேன். நாலாவது தடவை "ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள். சொல்லும்போது டம்ளரைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் உறுத்துகிறது.

மழலை வகுப்பு ஆசிரியை:
ஒரே கேள்வியை மறுபடி கேட்டால், முதலில் சொன்னது தப்பு போல என்றுதான் பிள்ளை நினைக்கும். 1970-களில் மெக்காரிகிள், டொனால்ட்சன் என்ற உளவியலாளர்கள் இருவரும் செய்த கரடி பொம்மை சோதனையும் இதே சங்கதிதான். சம எண்ணிக்கையில் வைத்த இரண்டு வரிசை வில்லைகளில் ஒன்றைப் பெரியவர் கலைத்தால் தடுமாறிய வயதுதான், குறும்புக்காரக் கரடி கலைத்தபோது "அதே எண்ணிக்கைதான்" என்று பெரும்பாலான பிள்ளைகள் சொன்னார்கள். என் வகுப்பில் ஒருவன் கரடியை அதட்டிவிட்டு, வரிசையைத் தானே நேராக்கி, "பாரு, ஒண்ணும் குறையல" என்று அதனிடமே காட்டினான்.

இரட்டையரின் அப்பா:
டீச்சர், வில்லைக்குச் சரி, தண்ணீருக்குக் கரடி போதாது. எண்ணிக்கை முதலில் பிடிபடும், எடை ஒன்பது வயது வாக்கில்தான் என்பதும் பியாஜே சொன்னதுதானே. என் பையன் களிமண் உருண்டையைப் பாம்பாக உருட்டிவிட்டு, "இப்ப கனமாயிடுச்சு" என்று என் கையில் வைத்தான், அவ்வளவுதான் என் கதை. அம்மாவுக்கு ஒன்று சொல்கிறேன், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். ஊற்றுவதை அவளிடம் விடுங்கள். ஊற்றும் முன்பே "எதுவரை வரும்?" என்று கேட்டு அவளையே கோடு போடச் சொல்லுங்கள். தப்பினால் வாயைத் திறக்காதீர்கள், திரும்பப் பழைய டம்ளருக்கே ஊற்றட்டும். சின்னக் கிண்ணத்தால் எண்ணி எண்ணி இரண்டையும் நிரப்பட்டும். பொத்தான்களை நிறப்படி பிரித்து, அப்புறம் அதே பொத்தான்களை ஓட்டைப்படி பிரிக்கச் சொல்லுங்கள். காரணம் கேளுங்கள், விடை கேட்காதீர்கள். ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம், அதற்கு மேல் போனால் அது பரீட்சை.

பேத்தியின் தாத்தா:
எனக்கு மணிகள். பழுப்பு நிறைய, வெள்ளை இரண்டே இரண்டு, எல்லாமே மரம். "பழுப்பு மணி அதிகமா, மர மணி அதிகமா?" என்றேன். "பழுப்பு." சரி என்று விட்டுவிட்டேன். பல மாதம் கழித்து, துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று, "தாத்தா, சாக்ஸும் துணிதானே, அப்ப சாக்ஸைவிடத் துணிதான் நிறைய!" என்று கத்தினாள். நான் போனில் பேசிக்கொண்டிருந்தேன், "ம், ம்" என்று கையை ஆட்டினேன். அவள் மறுபடி சொல்லவில்லை.