ஆயிரத்தில் ஒரு நொடியில் நடப்பதைக் கையால் இழுத்த தண்டு கட்டுப்படுத்தியது எப்படி?

அலைநீளம் (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். முதுகலை இயற்பியல் முதலாண்டில் படிக்கிறேன். 1942 டிசம்பர் 2 அன்று சிகாகோ பல்கலைக்கழக விளையாட்டரங்கின் பார்வையாளர் மேடைக்கு அடியில் இருந்த ஸ்குவாஷ் ஆடுகளத்தில் என்ரிக்கோ ஃபெர்மியின் குழு இயக்கிய முதல் அணுஉலையைப் பற்றிப் படித்ததிலிருந்து ஒரு கணக்கு இடிக்கிறது. அன்று எட்டிய நியூட்ரான் பெருக்கக் காரணி, அதாவது ஒரு தலைமுறை நியூட்ரான்கள் அடுத்த தலைமுறையில் எத்தனை மடங்காகின்றன என்ற எண், 1.0006 என்கிறார்கள். கிராஃபைட் தணிப்பானில் ஒரு நியூட்ரான் பிறந்து, வேகம் குறைந்து, அடுத்த பிளவை உண்டாக்க ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு நொடி ஆகும். அப்படியானால் ஒரு நொடிக்கு ஆயிரம் தலைமுறைகள், 1.0006ஐ ஆயிரம் முறை பெருக்கினால் 1.8 மடங்கு. ஒரு நிமிடத்தில் அது நாலாயிரம் லட்சம் கோடி மடங்கைத் தாண்டிவிடும். ஆனால் அன்று நியூட்ரான் எண்ணிக்கை இருமடங்காகச் சுமார் இரண்டு நிமிடம் பிடித்ததாம். குழுவிலிருந்த ஜார்ஜ் வெயில், நியூட்ரான்களை விழுங்கும் காட்மியம் தண்டை நிதானமாகக் கையால் இழுத்துக்கொண்டிருந்தாராம். என் கணக்கில் எங்கே பிழை?

பட்டகம்:
உங்கள் பெருக்கலில் பிழை இல்லை. எல்லா நியூட்ரான்களும் பிளவு நடந்த கணமே வெளிவருகின்றன என்று எடுத்துக்கொண்டதில்தான் பிழை. யுரேனியம்-235 பிளவில் கிடைக்கும் நியூட்ரான்களில் ஏறத்தாழ 0.65 விழுக்காடு தாமதமாகவே வருகின்றன. உதாரணமாக, பிளவுத் துண்டுகளில் ஒன்றான புரோமின்-87 அணுக்கரு 55 நொடி அரை ஆயுட்காலத்தில் பீட்டா சிதைவடைந்து கிரிப்டான்-87 ஆகிறது; அந்தச் சிதைவுகளில் ஒரு பகுதியில் கிரிப்டான் மிகுந்த கிளர்ச்சி நிலையில் பிறப்பதால் உடனே ஒரு நியூட்ரானை உமிழ்ந்துவிடுகிறது. ஆக, அந்த நியூட்ரான் தன் தாய்க்கரு சிதையும் வரை காத்திருந்து வருகிறது. இப்படிப்பட்ட தாய்க்கருக்கள் பல உண்டு. அவற்றை ஆறு குழுக்களாகப் பிரித்துக் கணக்கிடுவது வழக்கம், காத்திருக்கும் நேரத்தின் சராசரி சுமார் 13 நொடி.

இப்போது சராசரி ஆயுளை மறுபடி கணக்கிடுங்கள். 0.0065ஐ 13ஆல் பெருக்கினால் 0.085 நொடி, உங்களுடைய 0.001 நொடி அதன் அருகில் ஒரு பொருட்டே அல்ல. 0.085ஐ 0.0006ஆல் வகுத்தால் எண்ணிக்கை e (சுமார் 2.718) மடங்காக 140 நொடி, இருமடங்காக ஏறத்தாழ 100 நொடி வரும். இது தோராயக் கணக்குத்தான் என்றாலும், நீங்கள் படித்த இரண்டு நிமிடத்துக்கு மிக அருகில் வந்து நிற்கிறது.

தாமத நியூட்ரான்கள் 1939இலேயே வாஷிங்டனில் ராபர்ட்ஸ் குழுவினரால் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஃபெர்மி துணிச்சலில் சூதாடினார் என்று கதை சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

மின்னூட்டம்:
பட்டகம் சொன்னதோடு, மாறுநிலையை (பெருக்கக் காரணி 1 ஆகி, தொடர்வினை தானே நீடிக்கும் நிலை) நெருங்கும் முறையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாணவனாக இருந்தபோது மாறுநிலையை எட்டாத ஒரு சிறிய யுரேனிய அடுக்கில் இந்தச் சோதனையைச் செய்திருக்கிறேன். எரிபொருள் கூட்டக் கூட நியூட்ரான் எண்ணியில் (எண்ணும் கருவி) எண்ணிக்கை ஏறி, ஓரிடத்தில் நிலைத்துவிடும். பெருக்கக் காரணி 0.9 என்றால் மூலத்திலிருந்து (அடுக்குக்குள் வைத்த நியூட்ரான் ஊற்று) வரும் நியூட்ரான்கள் 10 மடங்காகும், 0.99 என்றால் 100 மடங்காகும். எண்ணிக்கையின் தலைகீழியை வரைபடத்தாளில் குறித்துக்கொண்டே போனால் கோடு சுழியை நோக்கி இறங்கும். அது அச்சைத் தொடும் இடத்தைப் பென்சிலால் நீட்டி முன்கூட்டியே சொல்லிவிடலாம். எண்ணியை மூலத்துக்கு மிக அருகில் வைத்தால் கோடு வளைந்து ஏமாற்றும் என்பதை ஒரு முழு மாலையை வீணடித்துத்தான் கற்றேன்.

சிகாகோவில் ஒவ்வோர் அடுக்கு ஏறியபோதும் இதைத்தான் செய்தார்கள். சுமார் 350 டன் கிராஃபைட்டின் 57ஆம் அடுக்கு வைக்கப்பட்டதும் மாறுநிலை வரும் என்பது முந்தைய இரவே தெரிந்திருந்தது. மறுநாள் வெயில் தண்டைக் கொஞ்சம் இழுப்பார், எண்ணிகள் ஏறி நிலைப்பதைப் பார்ப்பார்கள், ஃபெர்மி நழுவுச் சட்டத்தில் (slide rule) கணக்கிட்டு அடுத்து எங்கே நிலைக்கும் என்று சொல்வார். முற்பகலில் தானியங்கிப் பாதுகாப்புத் தண்டு, அதன் வரம்பு மிகத் தாழ்வாக வைக்கப்பட்டிருந்ததால், தானாக விழுந்துவிட்டது. ஃபெர்மி எல்லோரையும் மதிய உணவுக்கு அனுப்பிவிட்டார். பிற்பகலில் வரைகோடு நிலைக்காமல் ஏறிக்கொண்டே போனது. 28 நிமிடம் ஓடவிட்டு அணைத்தார்கள். உச்சத் திறன் அரை வாட். ஒரு டார்ச் விளக்குக்குக்கூட அது போதாது. கவசமோ குளிர்விப்போ அந்த உலைக்கு இல்லை என்பதும் அதனால்தான்.

அலைநீளம்:
மிக்க நன்றி. இப்போது கணக்கு பொருந்துகிறது. அப்படியானால் பெருக்கக் காரணி 1.01 ஆகியிருந்தால்? வேகம் தணிக்காத நியூட்ரான்களில் ஓடும் வேக ஈனுலைகளில் நியூட்ரான் ஆயுள் பல்லாயிரம் மடங்கு குறைவு என்கிறார்களே, அங்கே எப்படிச் சமாளிக்கிறார்கள்?

பட்டகம்:
1.01 ஆகியிருந்தால் உங்கள் முதல் கணக்கே உண்மையாகியிருக்கும். பெருக்கக் காரணி 1ஐவிட மிகுந்திருக்கும் அளவு 0.0065ஐத் தாண்டிவிட்டால் தாமத நியூட்ரான்களுக்காகத் தொடர்வினை காத்திருப்பதில்லை. அந்த எல்லையை உலைத்துறையினர் ஒரு டாலர் என்பார்கள். அதில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். இந்தப் பெயரை வைத்த இயற்பியலாளர் லூயி ஸ்லோட்டினே 1946 மே 21 அன்று லாஸ் அலமோஸில், புளுட்டோனியக் கோளத்தின் மேலிருந்த பெரிலியம் மூடியைத் தாங்கிய திருப்புளி நழுவியதால், அந்த எல்லை ஒரு கணம் தாண்டப்பட்டு, கதிர்வீச்சுக்கு ஆளாகி, ஒன்பது நாளில் இறந்தார்.

வேக உலையில் உடனடி நியூட்ரானின் ஆயுள் பத்து லட்சத்தில் ஒரு நொடியைவிடக் குறைவு. ஆனால் ஒரு டாலருக்குக் கீழே இருக்கும்வரை சராசரியைத் தீர்மானிப்பவை தாமத நியூட்ரான்களே என்பதால், அந்தக் குறுகிய ஆயுள் பெரிதாகத் தொல்லை தருவதில்லை. சிக்கல் டாலரின் அளவில்தான் இருக்கிறது: புளுட்டோனியம்-239க்குத் தாமதப் பங்கு 0.21 விழுக்காடு, யுரேனியம்-233க்கு 0.26 விழுக்காடு. கல்பாக்கத்தில் புளுட்டோனியம் மிகுந்த கார்பைடு எரிபொருளோடு 1985இல் மாறுநிலை எட்டிய வேக ஈனுலையும், யுரேனியம்-233இல் 1996 முதல் ஓடும் 30 கிலோவாட் காமினி உலையும் இந்தச் சிறிய டாலருக்குள் இயக்கப்படுபவை. தண்டு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் எத்தனை சென்ட் என்பதை முன்பே அளந்து வைத்திருப்பார்கள்.

மின்னூட்டம்:
ஒரு சிறு சேர்க்கை. அணைக்கும்போதும் இதே புரோமின் குறுக்கே நிற்கும். எல்லாத் தண்டுகளும் விழுந்ததும் எண்ணிக்கை சட்டென்று சரியும். அதன்பின் எவ்வளவு காட்மியத்தைச் செருகினாலும், 80 நொடிக்கு e மடங்கு என்ற வீதத்தைவிட வேகமாக அது இறங்காது.